வெறுங்கையோடு வருவதில்லை

"ஆடிக்கிட்டுத் திரிஞ்சவன், இப்பதான் ஒழுங்கா ஒரு வேலைக்கு வந்திருக்கான்." மேடையை விட்டு டிசைனிங் வேலைக்குப் போன ஒருவரைப் பற்றித் தேவர்சோலை கடைவீதியில் பேச்செடுத்தால் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். கலை, இலக்கியம் பேசுகிறவர்களிடம் அதே ஆளைப் பற்றிக் கேட்டால், "நல்ல கலைஞன் சார், வயித்துப்பாட்டுக்காகக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டான்" என்பார்கள். முன்னவருக்கு நிம்மதி, பின்னவருக்கு வருத்தம். இருவரும் நம்புவது என்னவோ ஒன்றைத்தான். மேடையில் கழிந்த வருடங்கள் மேடையோடு முடிந்துவிட்டன, அந்த ஆள் புதுத் தொழிலுக்கு வெறுங்கையோடு வருகிறார், அனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறார் என்பது அந்த நம்பிக்கை.

அது பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெறும் கருத்துப் பிழை என்றால் விட்டுவிடலாம். இது ஆட்களின் வயிற்றிலும் மானத்திலும் கை வைக்கிறது. பத்து வருடம் மேடையேறியவருக்கு, நேற்றுப் படிப்பை முடித்த பையனுக்குக் கொடுக்கிற சம்பளம்தான் பேசப்படுகிறது. வேலை கேட்டு வருகிறவரே தன் பயோடேட்டாவில் அந்தப் பத்து வருடத்தை மறைக்கிறார். கூடலூரில் டிசைன் வேலை செய்கிற எனக்கு அப்படிப்பட்ட தாள்கள் நன்றாகப் பழக்கம். பிளஸ் டூ முடித்த ஆண்டு இருக்கும், அடுத்த வரியில் மூன்று மாத டிடிபி கோர்ஸ் இருக்கும், நடுவில் ஒரு பெரிய காலம் காணாமல் போயிருக்கும். "இந்த இடைவெளியில என்ன பண்ணீங்க?" என்றால், "சும்மா ப்ரோகிராம் போயிட்டு இருந்தேன் சார்" என்று பதில் வரும். ராத்திரி முழுக்க ஆடி, விடிகாலையில் வேனில் தூங்கி, மறுநாள் இன்னோர் ஊரில் மேடையேறிய ஒருவரை அந்த வாழ்க்கையைச் 'சும்மா' என்று சொல்ல வைத்திருக்கிறோம். எனக்கு இதில்தான் கோபம்.

தேவர்சோலை நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்துப் பேரூராட்சி. கூடலூரிலிருந்து நெலாக்கோட்டை, பாட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரிக்குப் போகிற சாலையில், தேயிலைக்கு நடுவே இருக்கிறது. கலைக்குப் பஞ்சமான ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். ஆனால் இங்குள்ள பணியர் பழங்குடிகளின் துடியும் குழலும் இந்த மண்ணின் இசை. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த 5,25,000 இலங்கை இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்தத்தான் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இன்று நாம் டேன்டீ என்று சொல்பவை, போடப்பட்டன. இலங்கை மலையகத்தில் மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த நினைவோடு இங்கே வந்திறங்கினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் மாரியம்மன் கோயில் உண்டு, திருவிழா உண்டு, திருவிழா என்றால் மெல்லிசையோ ஆடல் பாடலோ உண்டு. இங்கே மேடை என்றால் சபா கிடையாது. சரிவில் பலகை போட்டு, ஜெனரேட்டர் வைத்து, மழை வருமா யானை வருமா என்று பயந்துகொண்டே நடத்துகிற நிகழ்ச்சி. அதிலிருந்து வருகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, திருவிழாப் பருவம் தொடங்குகிற நேரத்தில் மேடைகள் மொத்தமும் நின்றுபோயின. மடிக்கணினியைக் கடன் வாங்கிப் போட்டோஷாப் கற்றுக்கொள்ள உட்கார்ந்தவர்கள் அந்த வருடம் பலர்.

இனி அந்த வெறுங்கை நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு கேள்வி. நடிகர் சிவகுமார் சென்னை ஓவியக் கல்லூரியில் ஆறு வருடம் படித்தவர். ஊர் ஊராகப் போய்க் கோயில்களை வரைந்தவர். 1965-ல் 'காக்கும் கரங்கள்' படத்தில் நடிக்க வந்தார். அந்த ஆறு வருட ஓவியப் படிப்பு வீணாகிவிட்டது என்று யாராவது சொன்னார்களா? ஓவியம் அவருடைய நடிப்புக்கு மெருகு சேர்த்தது என்று பெருமையாகத்தானே சொல்கிறோம்? தூரிகையிலிருந்து மேடைக்குப் போனால் ஏற்றம், மேடையிலிருந்து தூரிகைக்கு வந்தால் இறக்கம் என்று எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்? மேடையில் இருப்பவர் கைதட்டல் வாங்குகிறார், டிசைன் செய்பவரின் பெயர் எங்கேயும் வருவதில்லை. வெளிச்சம் விழும் இடத்தைத் தொழிலின் உயரம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். இதைத் தவிர அந்தக் கணக்குக்கு வேறு ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

நடிகர் பாண்டுவை நகைச்சுவைக்காக நினைவு வைத்திருக்கிறோம். அவர் ஓவியம் படித்தவர். 'கேபிடல் லெட்டர்ஸ்' என்ற பெயர்ப்பலகை நிறுவனத்தை நடத்தியவர். 1972-ல் எம்.ஜி.ஆர். புதுக்கட்சி தொடங்கியபோது அ.தி.மு.க.வின் கொடியை வடிவமைத்தது அவர்தான். 2021 மே மாதம் கொரோனாவில் அவர் இறந்தபோதுதான் பலருக்கு இது தெரிந்தது. தமிழ்நாட்டில் அதிகம் பறந்த கொடிகளில் ஒன்றை வரைந்த கையும், திரையில் நம்மைச் சிரிக்க வைத்த முகமும் ஒரே ஆளுடையவை. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் உதறவில்லை.

தமிழர் வீடுகளில் அச்சுப் படம் எப்படி நுழைந்தது என்று பார்த்தாலே இந்த நம்பிக்கை பாதி நொறுங்கிவிடும். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகத்துக்குப் படம் வேண்டும். அந்தப் படங்களைப் போட ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பலர் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தார்கள்.

சி. கொண்டையராஜு என்ற பெயரைக் கேட்டிராதவர்கள்கூட அவருடைய படத்தைக் கும்பிட்டிருப்பார்கள். 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்துவிட்டு, பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச்சீலை எழுதினார். அரண்மனை, காடு, தெரு, தர்பார் என்று கம்பெனி போகிற ஊரெல்லாம் அவருடைய திரைகள் தொங்கின. 1940-களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். தங்கி, சிவகாசி காலண்டர்களுக்குச் சாமி படம் போட ஆரம்பித்தார். அவரிடம் கற்ற டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்றோர் கையிலிருந்து புறப்பட்ட லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் இந்தியா முழுக்கச் சுவர்களில் ஏறினார்கள். 1976-ல் அவர் மறைந்தார். இன்றும் தேவர்சோலைப் பக்கம் ஏதாவது ஒரு லயத்து வீட்டில் சாமி மூலையைப் பாருங்கள், சந்தனமும் குங்குமமும் அப்பிய பழைய காலண்டர் படம் இருக்கும். கீழே உரக்கடையின் பெயரோ நகைக்கடையின் பெயரோ கத்தரித்து எடுக்கப்பட்டிருக்கும்.

அந்தப் படத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சாமி நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது. நடிகன் மேடையின் நடுவில் வந்து நின்று சபையைப் பார்க்கிற நிலை அது. பின்னால் மலை, ஆறு, கோபுரம் எல்லாம் தட்டையாக, தொங்கவிட்ட திரை மாதிரி இருக்கின்றன. இரண்டு பக்கமும் தூண்கள், மேலே மடிப்பு மடிப்பாகச் சரிகிற பட்டுத்துணி. கீழிருந்து வரும் வெளிச்சம் முகத்தில் விழுகிறது. நகைகளும் கிரீடமும் நாடகப் பெட்டியிலிருந்து எடுத்தவை. கொட்டகையில் நின்று, கூட்டம் எதைப் பார்த்துக் கையெடுக்கிறது, எங்கே மூச்சை நிறுத்துகிறது என்று ராத்திரி ராத்திரியாகக் கவனித்தவருக்குத்தான் இந்த அமைப்பு கைகூடும். கே. மாதவனும் இதே வழியில் வந்தவர்தான். நாடகத் திரை, சினிமா பேனர், பத்திரிகை அட்டை, காலண்டர் என்று அவர் போன பாதையில் நாடகம்தான் முதல் படி.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், நியாயமான எதிர்வாதம். "கொண்டையராஜு நடிகரில்லையே, திரை எழுதியவர்தானே? ஏற்கெனவே ஓவியம் படித்தவர். ஆடுகிறவரும் நடிக்கிறவரும் அப்படியா?" சரி. ஆடுகிறவருக்கும் நடிக்கிறவருக்கும் வருவோம்.

இங்கிலாந்தில் எட்வர்ட் கார்டன் கிரெய்க் என்று ஒருவர். அந்தக் காலத்துப் பெரிய நடிகை எல்லன் டெர்ரியின் மகன். 1889-ல் ஹென்றி இர்விங்கின் லைசியம் நாடகக் கம்பெனியில் சேர்ந்து நடித்தவர், 1897-ல் நடிப்பை நிறுத்திவிட்டார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் கலையை வில்லியம் நிக்கல்சனிடமும் ஜேம்ஸ் பிரைடிடமும் அதற்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து போட்ட நாடகச் சுவரொட்டிகள் வரைகலை வரலாற்றில் இன்றும் பேசப்படுபவை. 1898-லிருந்து கிரெய்க் சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்தினார், அதன் படங்களில் பல அவர் செதுக்கியவை. பிற்பாடு மாதிரி மேடை ஒன்றைச் செய்து, நடிகர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று பார்ப்பதற்காகத் தட்டையான மரப் பொம்மைகளை வெட்டி நிறுத்தினார். அந்தப் பொம்மைகளிலேயே மை தடவித் தாளில் ஒற்றினார். ஜெர்மனியில் வெய்மர் நகரத்துக் கிரானாக் அச்சகம் வெளியிட்ட 'ஹாம்லெட்' நூலில், 1930-ல் வந்த ஆங்கிலப் பதிப்பில், பக்கத்துக்குப் பக்கம் எழுத்துகளுக்கு நடுவே நிற்பவை அப்படிப் பிறந்த கறுப்பு உருவங்கள்தாம். எந்த இடத்தில் ஒரு ஆள் தனியாக நின்றால் அவன் தனிமை தெரியும், எந்த இடத்தில் ஒரு கூட்டம் அவனை நெருக்கும் என்பதை மேடையில் கற்றவர், அதையே தாளில் செய்தார். அவர் மாற்றிக்கொண்டது இடத்தை மட்டும்தான்.

இன்னும் நமக்குப் பக்கத்தில் வருவோம். தெருக்கூத்தில் முக்கிய வேடம் எப்படி நுழைகிறது என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து திரை விருத்தம் கேட்கும். குரல் முதலில் வரும், பிறகு துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், பிறகு ஒரு கை, கடைசியில்தான் முகம். எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது என்று கூத்துக்காரர் அணு அணுவாகத் தீர்மானிக்கிறார். டிசைன் வகுப்பில் முதல் மாதம் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: பார்க்கிறவர் கண் எங்கே முதலில் போக வேண்டும், அடுத்து எங்கே, பிறகு எங்கே. ஒரு விளம்பரத்தில் எல்லாமே பெரிய எழுத்தாக இருந்தால் எதுவுமே பெரிதாகத் தெரியாது என்று ஒரு கூத்துக்காரருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் சபைக்கு வசனம் கேட்காது என்பது அவருக்குப் பழைய பாடம்.

நிறமும் அப்படித்தான். கம்ப்யூட்டர் திரையில் பார்த்த நிறம் அச்சில் வேறாக வரும். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு நாலு மையால் நிறம் காட்டுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் புரியவைக்க நாங்கள் படாத பாடு படுவோம். அரிதாரம் பூசிக்கொண்டவருக்கு இது ஒரே பேச்சில் புரிகிறது. பகலில் கண்ணாடியில் பார்த்தபோது அடித்த மாதிரி இருந்த சிவப்பு, ராத்திரி மஞ்சள் பல்புக்குக் கீழே சரியாக இருப்பதை அவர் தன் முகத்திலேயே பார்த்திருக்கிறார். நிறம் என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது என்று தோலால் தெரிந்துகொண்டவர் அவர்.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நடனக் குழுவில் பல வருடம் ஆடிவிட்டு வந்த ஒரு பெண் எங்களோடு வேலை செய்தார். ஒரு எஸ்டேட்டிலிருந்து எச்சரிக்கை நோட்டீஸ் ஒன்று அடிக்கக் கொடுத்திருந்தார்கள். யானை நடமாட்டம், மாலைக்குப் பிறகு அந்தப் பாதையில் போகாதீர்கள் என்பதுதான் விஷயம். இந்தப் பக்கத்தில் அது சாதாரண நோட்டீஸ் கிடையாது. 2021-ல் டி23 என்ற புலியைத் தேடி இதே தோட்டங்களில் எத்தனை நாள் சனம் வெளியே வரப் பயந்து கிடந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எச்சரிக்கை புரியாமல் போனால் உயிர் போகும். பழைய மாதிரியை வைத்து ஒரு பையன் வேலையை முடித்திருந்தான். மேலே நிர்வாகத்தின் பெயர் பெரிதாக, கீழே ஒரு யானைப் படம், நடுவில் ஏழெட்டு வரி ஒரே அளவில். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இதைப் படிக்கிறவங்க எங்க நின்னு படிப்பாங்க?" என்று கேட்டார். நாங்கள் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. இலை எடை போட்டுவிட்டு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், நடந்துகொண்டே பார்ப்பார்கள். அவர் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கடைவாசல் வரைக்கும் போய் அங்கிருந்து நடந்து வந்தார். பிறகு நோட்டீஸை வாய்விட்டுப் படித்தார். பழைய நோட்டீஸில் வரிகள் இப்படி மடிந்திருந்தன:

மாலை ஆறு மணிக்கு
மேல் இந்தப் பாதையில்
நடக்க வேண்டாம்

"மூச்சு தப்பான இடத்துல நிக்குது அண்ணே" என்றார். 'மாலை ஆறு மணிக்கு' என்று முதல் வரியைப் படித்தவுடன் ஏதோ கூட்டம் ஆறு மணிக்கு என்றுதான் மனசு போகும். அவர் மாற்றியது இவ்வளவுதான்:

மாலை ஆறு மணிக்கு மேல்
இந்தப் பாதையில்
நடக்க வேண்டாம்

நிர்வாகத்தின் பெயர் கீழே சின்னதாக இறங்கியது. 'யானை' என்ற சொல் மேலே தனியாக நின்றது. அதற்கடுத்து மலையாளத்திலும் அதே மூச்சில், அதே மூன்று வரிகள். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற மாதிரி ஒரு சின்னப் படமும் சேர்த்தார். வரியை எங்கே மடிக்க வேண்டும் என்று அவருக்கு எந்த கோர்ஸும் சொல்லித்தரவில்லை. பாட்டுக்கு வாயசைத்து ஆடியவருக்கு அடி எங்கே முடிகிறது என்று உடம்பு சொல்லும். கோரல் டிராவில் அவரைவிட வேகமான பையன்கள் எங்களிடம் இருந்தார்கள். அந்த நோட்டீஸை அவர்தான் சரியாகச் செய்தார்.

"அதெல்லாம் சரி, டிசைனிங்னா சாஃப்ட்வேர் தெரியணும், அது மேடையில வராது" என்பார்கள். வராதுதான். தமிழ்நாட்டு டிசைன் கடைகளில் இருபத்தைந்து வருடம் இருந்த யாரையாவது கேளுங்கள், எத்தனை சாஃப்ட்வேர் வந்து போனது என்று சொல்வார்கள். பேஜ்மேக்கர் இருந்தது, போனது. எழுத்துருவுக்குப் பாமினி இருந்தது, ஸ்ரீலிபி இருந்தது, யூனிகோட் வந்தது, தட்டச்சு முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது போனிலேயே போஸ்டர் போடுகிறார்கள். படத்தைத் தானே வரைகிற செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கருவியை மட்டும் நம்பியிருந்தவர் அடிபட்டார். பார்க்கிறவர் யார், எங்கே நிற்கிறார், அவருக்கு எது முதலில் தெரிய வேண்டும் என்ற கேள்வியை வைத்திருந்தவர் புதுக் கருவியைப் பிடித்துக்கொண்டார். கருவியைச் சில மாதத்தில் பழகிவிடலாம். பார்க்கிறவரைப் படிக்கக் கற்க வருடங்கள் வேண்டும், அந்த வருடங்களை மேடைக்காரர் ஏற்கெனவே கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்.

கருவியை மட்டும் அறிந்த வேலை எப்படி இருக்கும் என்று கூடலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் தெரியும். ஃபிளெக்ஸில் இடம் மிச்சமிருக்கிறது என்று பெயரை இரண்டு பக்கமும் இழுத்திருப்பார்கள். 'ண' மூன்று சுழியும் சப்பிப்போய்க் கிடக்கும். பக்கத்திலேயே இன்னொரு பெயர் இடமில்லாமல் நெருக்கி ஒல்லியாக்கப்பட்டிருக்கும். இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலியும் புதுக்கடைத் திறப்பும் ஒரே நிறத்தில், ஒரே பூ பார்டரில் தொங்கும். துக்கத்துக்கு ஒரு நடை, கொண்டாட்டத்துக்கு ஒரு நடை என்று மேடையில் பழகியவர் இதைச் செய்ய மாட்டார். ஒப்பாரிப் பாட்டுக்குக் குத்தாட்டம் ஆடுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று அவருக்குத் தெரியும்.

மேடைக்காரரிடம் எல்லாம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எழுத்துப்பிழை பார்க்கப் பழக வேண்டும். எழுத்துருக்களின் குணம் தெரிய வேண்டும், தாளும் மையும் தெரிய வேண்டும், தனியாக ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் உட்காரப் பழக வேண்டும். ஆடிய உடம்புக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிய வேதனை, அதை யாரும் லேசாகப் பேசக்கூடாது. கொண்டையராஜுவுக்கு ஓவியப் பள்ளி இருந்தது, கிரெய்க்குக்கு நிக்கல்சனும் பிரைடும் இருந்தார்கள். நம் ஆட்களுக்கும் சொல்லித்தர ஆள் வேண்டும். மருத்துவம் படித்தவர் மருத்துவமனையில் பயிற்சி எடுக்கிற மாதிரி, தெரிந்ததன் மேல் தெரியாததைக் கட்டிக்கொள்வதற்கான படிப்பு அது. கழிந்த பத்து வருடத்தை அழித்துவிட்டுப் பலகையில் புதிதாக எழுதுகிற படிப்பு இல்லை.

மேடையில் பழகிய இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. திருத்தம். டிசைனர் வேலையில் பாதி, கஸ்டமர் சொல்கிற கரெக்ஷன்தான். "மாமா போட்டோ பெருசா வேணும்", "கலர் இன்னும் கொஞ்சம் ஏத்துங்க", "தம்பி பேரு விட்டுப்போச்சு". படித்துவிட்டு நேராக வருகிற பிள்ளைகள் மூன்றாவது திருத்தத்தில் முகம் சுருங்கிவிடுவார்கள். ஒத்திகையில் மாஸ்டர் நாற்பது பேர் முன்னால் "இன்னொரு தரம்" என்று கத்தக் கத்த ஆடியவருக்கு அது பழகிய விஷயம். ராத்திரி பத்து மணிக்குத் திரை உயர வேண்டும் என்றால் உயர்ந்தே தீர வேண்டும் என்ற ஒழுங்கும் அவருக்கு உண்டு. நாளை காலை காதுகுத்து, இன்று சாயந்திரம் பேனர் என்று வருகிற ஊரில் அந்த ஒழுங்கு விலைமதிப்பற்றது.

இனி கலை அன்பர்களின் வருத்தம். "எல்லாரும் இப்படிப் போனா மேடை செத்துடாதா?" என்கிறார்கள். அவர்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் பழியை இடம் மாற்றிப் போடுகிறார்கள். வருடத்தில் சில மாதம் மட்டும் கிடைக்கிற வருமானம், நிகழ்ச்சி ரத்தானால் கைவிரிக்கிற அமைப்பாளர், வயது ஏறினால் ஓரங்கட்டுகிற குழு, ஆடுகிற பெண்ணைப் பற்றி மறுநாள் காலையில் ஊர் பேசுகிற பேச்சு, இவைதாம் மேடையைக் கொல்கின்றன. பிழைக்க வழி தேடிப் போனவரைக் கொலைகாரராக்குவது அநியாயம். கலைஞன் பட்டினி கிடந்தாவது கலையில் நிற்க வேண்டும் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் மாதச் சம்பளம் வாங்காதவர்கள்?

போனவர் மேடைக்கு அந்நியமாகிவிடுகிறார் என்பதும் சரியில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக உலகத்தைப் பாருங்கள். அங்கே நாடக நோட்டீஸ் என்பது தனிக் கலை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவர் போட்டோவும் பெயரும் வேடமும் அதில் வரும். யார் படம் மேலே, யார் படம் கீழே, யார் பெயருக்கு என்ன பட்டம் என்பதில் ஒரு வாழ்நாள் மரியாதை அடங்கியிருக்கிறது. அதைத் தப்பாகப் போட்டால் கலைஞர் மனம் உடையும். அந்த உலகத்தை அறியாத டிசைனர் எல்லாப் படத்தையும் ஒரே கட்டத்தில் அடுக்கிவிடுவார். அறிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். எங்களோடு வேலை செய்த அந்தப் பெண் தன் பழைய குழுவுக்கு நோட்டீஸ் போட்டபோது, டிரம்ஸ் வாசிக்கிறவர், லைட் போடுகிறவர், வேன் ஓட்டுகிறவர் பெயர்வரைக்கும் எழுதினார். அவர்கள் பெயர் அதற்கு முன் அச்சில் வந்ததே இல்லை. மேடையை விட்டுப் போனவர் மேடைக்குச் செய்ததை, மேடைக்காகக் கண்ணீர் விட்டவர்கள் செய்யவில்லை.

"உருப்படியான வேலைக்கு வந்தான்" என்று நிம்மதியடையும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பாராட்டில்தான் அதிகக் காயம் இருக்கிறது. மகன் சம்பாதிப்பது உங்களுக்குச் சந்தோஷம், அது நியாயம். ஆனால் அவன் சம்பாதிக்கிற இந்தத் திறமையின் பாதி, நீங்கள் திட்டித் தீர்த்த அந்த ராத்திரிகளில் வந்தது. அவன் ஆடப்போனபோது அடைத்த கதவை இப்போதாவது திறந்து, அந்த வருடங்களைப் பற்றி அவனிடம் கேளுங்கள்.

கடைசியாக, மேடையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு. பயோடேட்டாவில் அந்த வருடங்களை எழுதுங்கள். எந்தக் குழு, எந்தெந்த ஊர், என்ன வேடம் என்று எழுதுங்கள். உடை யார் தைத்தது, நிறம் யார் தேர்ந்தது, பாட்டு வரிசை யார் போட்டது, நோட்டீஸுக்கு வாசகம் யார் சொன்னது என்று யோசித்துப் பாருங்கள். பல இடங்களில் அது நீங்களாகத்தான் இருப்பீர்கள், அதையும் எழுதுங்கள். பழைய நோட்டீஸ், மேடைப் போட்டோ, கையால் வரைந்த ஒப்பனைக் குறிப்பு என்று எது இருந்தாலும் ஒரு ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் கம்ப்யூட்டரில் செய்த நாலைந்து டிசைன்களை அதன் பின்னால் வையுங்கள். முதலாளி "ஃப்ரெஷர்தானே?" என்று கேட்டால், அந்த ஃபைலை அவர் மேசைமேல் முதல் பக்கத்திலிருந்து திறந்து வையுங்கள். சம்பளத்தை அதற்குப் பிறகு பேசுங்கள்.